3,500 கிலோ இழுக்கும் என்று போட்டிருந்தால் போதுமா? கேரவனுக்கு ஏற்ற வண்டியைப் பார்த்து எடுப்பது எப்படி

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெல்பர்னில் ஐந்து பேர் கொண்ட குடும்பம்: கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், பாட்டி. இப்போது கையில் இருப்பது டொயோட்டாவின் ஹைப்ரிட் ரேவ்4. வாங்க நினைக்கும் கேரவன் இரண்டு ஆக்சில் (சக்கர அச்சு) உள்ளது. வெறும் எடை 2,080 கிலோ, அனுமதித்த மொத்த எடையான ஏ.டி.எம். 2,500 கிலோ. "3,500 கிலோ இழுக்கும் என்று விளம்பரத்தில் இருக்கிற எந்த வண்டியை வாங்கினாலும் 1,000 கிலோ மிச்சம் இருக்கிறதே, அது போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. அந்த 3,500 பொய்யான எண் அல்ல. ஆனால் உங்களைப் போன்ற குடும்பத்துக்கு முதலில் தீர்ந்துபோவது அது அல்ல. முதலில் தீருவது வண்டிக்குள் ஏற்றக்கூடிய எடை, அதாவது பேலோடு. அடுத்து பின் ஆக்சிலின் வரம்பு. சில வண்டிகளில் டோபால், அதாவது கேரவனைக் கோக்கும் உருண்டை, அதன் மேல் இறங்கக்கூடிய எடை. இந்த மூன்றையும் பார்க்காமல் 3,500 என்ற ஒற்றை எண்ணை நம்பி எடுத்த வண்டி, சட்டப்படி அதிக எடையோடுதான் வீட்டு வாசலை விட்டே கிளம்பும். விற்பனையாளர் இதைத் தானாகச் சொல்லமாட்டார். கேட்டால்கூடப் பலருக்குத் தெரியாது.

ஆஸ்திரேலியாவில் புழங்கும் எழுத்துச் சுருக்கங்கள் நான்கைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஏ.டி.எம். என்பது கேரவனை வண்டியிலிருந்து கழற்றி, சாமான், தண்ணீர், கேஸ் எல்லாம் ஏற்றித் தனியாக நிறுத்தினால் இருக்கக்கூடிய அதிகபட்ச எடை. ஜி.டி.எம். என்பது மாட்டிய நிலையில் கேரவனின் சக்கரங்கள் மட்டும் தாங்கும் எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் டோபால் எடை. அது வண்டியின் தலையில் விழுகிறது. ஜி.வி.எம். என்பது வண்டி, ஆட்கள், சாமான், எரிபொருள், டோபால் எடை எல்லாம் சேர்ந்து வண்டி தாண்டக்கூடாத எடை. ஜி.சி.எம். என்பது வண்டியும் கேரவனும் சேர்ந்து தாண்டக்கூடாத எடை.

டோபால் எடை ஜி.வி.எம்.-க்குள் அடங்க வேண்டும் என்பதுதான் ஆட்கள் கோட்டைவிடும் இடம். கேரவன் பின்னால் தனியாக உருள்கிறது, அதன் எடைக்கும் காருக்குள் வைக்கும் பெட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பார்கள். உங்கள் 2,500 கிலோ கேரவனில் டோபால் எடை பத்து சதவீதம், 250 கிலோ. அது டிக்கியில் 250 கிலோ சிமெண்ட் மூட்டை ஏற்றியதைவிட மோசம், ஏனென்றால் அது பின் சக்கரத்துக்கும் பின்னால் தொங்குகிறது.

இனி உங்கள் கணக்கைப் போடுவோம். லேடர் சேசிஸ் (ஏணி போன்ற தனி அடிச்சட்டம்) மேல் கட்டிய, ஏழு இருக்கை டீசல் வேகன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கர்ப் எடை, அதாவது ஆட்களும் சாமானும் ஏற்றாத வண்டியின் எடை, 2,450, ஜி.வி.எம். 3,100, இழுதிறன் 3,500. இந்த வகையில் இவை நடைமுறைக்கு ஒத்த எண்கள். நீங்கள் பார்க்கும் வண்டியின் எண்ணை அதன் கையேட்டிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பேலோடு 650 கிலோ. அதில் டோபால் 250 போனால் மிச்சம் 400. ஆட்கள் 82, 64, 60, 45, 32 என்று வைத்தால் 283. கடையில் மாட்டிய டோபார் (டோபாலைத் தாங்கும் சட்டம்) 35. இப்போது மிச்சம் 82 கிலோ. அதில் 12 வோல்ட் ஃபிரிட்ஜ் சாமானோடு 45 கிலோ போய்விடும். மீதி 37 கிலோவில் குடை, ஜாக்கெட், தண்ணீர் பாட்டில், பிள்ளைகளின் பை. அவ்வளவுதான். புல்பார் (முன்பக்கக் காப்புச் சட்டம்) ஒன்று 60 கிலோ, இரண்டாவது பேட்டரி 30, கூரை ரேக் 30 என்று முந்தைய உரிமையாளர் மாட்டியிருந்தால் நீங்கள் ஏறும்போதே கணக்கு கடனில் இருக்கும். 3,500-இல் 1,000 மிச்சம் என்று தோன்றிய வண்டியில் உண்மையான மிச்சம் 37 கிலோ.

இங்கே இன்னொரு பொறி இருக்கிறது. சில விளம்பரத் தாள்களில் கர்ப் எடைக்குப் பதில் டேர் எடையைப் போட்டு பேலோடைக் கணக்கிட்டிருப்பார்கள். கர்ப் என்றால் டேங்க் நிறைய எரிபொருளோடு. டேர் என்றால் 10 லிட்டர் மட்டும். 80 லிட்டர் டேங்கில் இந்த வித்தியாசம் 70 லிட்டர் டீசல், ஏறக்குறைய 59 கிலோ. காகிதத்தில் 59 கிலோ கூடுதலாகத் தெரியும், டேங்க் நிரப்பியதும் காணாமல் போகும்.

விலை கூடின வகை என்றால் வலுவான வண்டி என்று எண்ண வேண்டாம். ஒரே இன்ஜின், ஒரே சேசிஸ், ஒரே ஜி.வி.எம். என்று இருக்கும்போது சன்ரூஃப், மின்சார இருக்கை, பெரிய சக்கரம், மூன்றாவது வரிசை எல்லாம் கர்ப் எடையை ஏற்றிப் பேலோடைத் தின்கின்றன. டொயோட்டா லேண்ட்க்ரூசர் 300 வரிசையில் ஜி.வி.எம். 3,280, ஜி.சி.எம். 6,750, அடிப்படை வகையான ஜிஎக்ஸ் ஏற்றும் எடை, மேல்தட்டு வகைகள் ஏற்றுவதைவிட நூறு கிலோவுக்கு மேல் அதிகம். இழுக்கும் வேலைக்கு வண்டி எடுப்பவர் அடிப்படை வகையையோ அதற்கு அடுத்ததையோ பார்ப்பது நல்லது. துணி இருக்கை ஒன்றும் குறைச்சல் இல்லை.

ஜி.சி.எம். உங்கள் விஷயத்தில் பெரிய தடையாக வராது. ஆனால் நாளை பெரிய கேரவனுக்கு மாறலாம் என்று யோசிப்பவர்கள் இதையும் பார்க்க வேண்டும். ஜி.சி.எம். 6,000, கர்ப் எடை 2,250 உள்ள டபுள் கேப் யூட் (இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் சாமான் ட்ரேயும் உள்ள பிக்கப்) ஒன்று 3,500 கிலோ கேரவனை மாட்டினால் வண்டிக்கு மிச்சம் 2,500. அதாவது ஆட்கள், சாமான், கூடுதல் பாகங்கள் எல்லாம் சேர்த்து 250 கிலோ. ஓட்டுநர், துணைவி, ஒரு டூல் பாக்ஸ், முடிந்தது. 3,500 இழுக்கும் என்பது உண்மைதான், வண்டி ஏறக்குறைய காலியாக இருந்தால்.

இனி பின் ஆக்சில். இதைத்தான் நான் மிகவும் வலியுறுத்துவேன், ஏனென்றால் ஜி.வி.எம். சரியாக இருந்தும் இது தாண்டிப்போகும். டோபால் பின் ஆக்சிலுக்கு ஏறக்குறைய 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது, வீல்பேஸ், அதாவது முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் உள்ள தூரம், 2.85 மீட்டர் என்று வைப்போம். பிள்ளைகள் விளையாடும் ஏற்றமரம் போல, பின் ஆக்சில் நடுத்தாங்கியாகி, பின்னால் அழுத்துவது முன்னால் தூக்கும். 250 கிலோவை 1.2 ஆல் பெருக்கி 2.85 ஆல் வகுத்தால் 105. முன் ஆக்சில் 105 கிலோவை இழக்கிறது. பின் ஆக்சிலுக்கு 250 மட்டுமல்ல, 355 கிலோ கூடுகிறது. ஆட்களும் சாமானும் ஏற்றிய வண்டி கேரவன் மாட்டாமல் முன்னால் 1,350, பின்னால் 1,500 என்று நின்றிருந்தால், மாட்டியதும் முன்னால் 1,245, பின்னால் 1,855. மொத்தம் 3,100, ஜி.வி.எம். சரியாக விளிம்பில். ஆனால் பின் ஆக்சில் வரம்பு 1,800 என்றால் 55 கிலோ அதிகம். டயர், பேரிங், ஆக்சில் ஹவுசிங் எல்லாம் அந்த அதிகச் சுமையோடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடுகின்றன. முன்னால் லேசானதால் ஸ்டீயரிங் பிடிப்பும் முன் பிரேக்கின் கடியும் குறைகின்றன. இரவில் ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கிறது.

இதிலிருந்தே வண்டி தேர்வுக்கு இரண்டு அளவுகள் கிடைக்கின்றன: வீல்பேஸ் நீளமாக இருக்க வேண்டும், பின் ஆக்சிலிலிருந்து டோபால் வரையுள்ள தொங்கல் குட்டையாக இருக்க வேண்டும். ஷோரூமில் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பின் சக்கரத்தின் நடுவிலிருந்து டோபால் நடு வரை அளந்துவிடுங்கள். இதே காரணத்தால், டோபார் குழாய்க்குள் செருகும் நாக்கு தேவைக்கு மேல் நீளமாக இருந்தால் குட்டையாக மாற்றுங்கள். 10 சென்டிமீட்டர் குறைந்தாலும் லாபம்தான்.

டபுள் கேப் யூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. விலைக்கு நல்ல வண்டிகள் அவை, வீல்பேஸும் நீளம். ஆனால் ட்ரேயின் பாதிக்கு மேல் பின் ஆக்சிலுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே ஃபிரிட்ஜ், டூல் பாக்ஸ், விறகு என்று அடுக்கி, பின்னால் கேரவனையும் மாட்டி, பின்பக்கம் தாழ்கிறதே என்று ஸ்பிரிங்குக்குள் ஏர்பேக் வைப்பவர்கள் நிறைய. ஏர்பேக் பின்பக்கத்தை உயர்த்தும், ஆனால் ஒரு கிலோவைக்கூட முன் ஆக்சிலுக்குத் திருப்பாது. மட்டமாகத் தெரிவதால் எல்லாம் சரி என்ற எண்ணத்தைத் தரும். இலை ஸ்பிரிங் இரண்டு முனைகளில் பிரித்துக் கொடுத்த சுமையை ஏர்பேக் சேசிஸின் ஒரே புள்ளியில் குவிக்கிறது; கரடுமுரடான பாதையில் சேசிஸ் கேபினுக்குப் பின்னால் வளைவது இப்படித்தான். ஐந்து பேர் குடும்பத்துக்கு நான் யூட்டைவிட வேகனையே சொல்வேன்.

முன் ஆக்சில் எடையைத் திருப்பித் தருவது வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச். ஹிட்சில் இரண்டு ஸ்பிரிங் கம்பிகளைச் செயினால் இறுக்கி, டோபாலில் ஒரு திருப்புவிசையை உண்டாக்குகிறார்கள். மேலே சொன்ன வண்டியில் முன்னால் இழந்த 105-இல் பாதியை மீட்டால், பின் ஆக்சிலிலிருந்து ஏறக்குறைய 80 கிலோ இறங்கும். அதில் 53 முன் ஆக்சிலுக்கும் மிச்சம் கேரவன் சக்கரங்களுக்கும் போகும். 1,855 இருந்தது 1,775 ஆகிவிடும். எவ்வளவு இறுக்குவது என்பதற்கு அளவு எளிது: கேரவன் மாட்டுவதற்கு முன் முன் சக்கர வளைவின் உயரத்தைத் தரையிலிருந்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மாட்டியதும் 30 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தால், 15 இறங்கும் வரை செயின் கண்ணியை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். முழுதாக மீட்க முயலவேண்டாம். பின் சக்கரப் பிடிப்பு குறைந்து வளைவில் வண்டி சுழலப் பார்க்கும். மேடுபள்ளமான மண்பாதையிலும் செங்குத்தான ஓடைக் கடப்பிலும் கம்பிகளைக் கழற்றிவிட வேண்டும். முக்கியமான ஒன்று, எல்லா உற்பத்தியாளரும் இதை ஏற்பதில்லை. சில கையேடுகள் வேண்டாம் என்றே சொல்கின்றன. அந்த வண்டியில் மாட்டாதீர்கள். இது டோபால் வரம்பையோ ஜி.வி.எம்.-ஐயோ உயர்த்தும் கருவியும் அல்ல.

டோபால் வரம்பு வண்டிக்கு ஒன்று, டோபாருக்கு ஒன்று என்று இரண்டு இடத்தில் இருக்கும். எது குறைவோ அதுதான் சட்டம். டோபாரில் ரிவெட் அடித்த அல்லது ஒட்டிய தகடு ஒன்று இருக்கும், குனிந்து பார்த்தால்தான் தெரியும். பழைய வண்டியில் சேறு அப்பியிருக்கும், துடைத்துப் படியுங்கள். தகடே இல்லையென்றால் அந்த டோபாரை நம்பாதீர்கள். தனி சேசிஸ் இல்லாத எஸ்யூவிகளில் 2,000 கிலோ இழுதிறன் என்று போட்டு, டோபாலில் 100 கிலோதான் என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பதும் உண்டு. ஐரோப்பாவின் லேசான முன்பக்கக் கேரவன்களுக்கு அது பொருந்தும்; இங்கே முன்பக்கம் பெரிய பெட்டி, இரண்டு கேஸ் சிலிண்டர் என்று கட்டும் கேரவன்களுக்குப் பொருந்தாது. 100 கிலோ டோபால் வரம்புள்ள வண்டியில் நடைமுறையில் 1,000 முதல் 1,200 கிலோ கேரவனுக்கு மேல் யோசிக்கக்கூடாது. இன்னும் சில உற்பத்தியாளர்கள், வண்டி ஜி.வி.எம்.-ஐ நெருங்கும்போது டோபால் வரம்பைப் படிப்படியாகக் குறைக்கும் அட்டவணையைக் கையேட்டில் வைத்திருக்கிறார்கள். "வண்டி முழுச் சுமையில் இருக்கும்போது டோபாலில் எவ்வளவு?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

டோபால் எடை குறைவாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. பின்னால் இழுபடும் கேரவன் பக்கவாட்டில் ஆடத் தொடங்குவதற்கு முதல் காரணமே அதுதான். கேரவன் தன் சக்கரங்களைச் சுற்றி இடமும் வலமும் திரும்பப் பார்க்கும். முன்பக்கம் கனமாக இருந்தால் அந்த ஆட்டம் தானே அடங்கும். வேகம் கூடக்கூட அடங்கும் தன்மை குறையும், ஒரு வேகத்துக்கு மேல் ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். 80-இல் சாதுவாக வந்த கேரவன் 105-இல் லாரி ஒன்று தாண்டிப்போகும் காற்றில் வண்டியையே கவிழ்த்துவிடுவது இப்படித்தான். ஹியூம் நெடுஞ்சாலையில் பி-டபுள் (இரண்டு ட்ரெய்லர் கோத்த) லாரிகள் ஓயாமல் தாண்டிக்கொண்டிருக்கும்; உங்கள் ஊரிலிருந்து சிட்னி பக்கம் போனால் ஒவ்வொரு சில நிமிடமும் இந்தச் சோதனை நடக்கும்.

கேரவனின் பின் பம்பரில் சைக்கிள் ரேக் மாட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். ரேக்கும் சைக்கிள்களும் சேர்த்து 60 கிலோ, சக்கரங்களின் நடுவிலிருந்து 3.5 மீட்டர் பின்னால். டோபால் 4.5 மீட்டர் முன்னால். 60 × 3.5 ÷ 4.5 என்றால் 47 கிலோ டோபாலிலிருந்து குறைகிறது. 250 இருந்தது 203 ஆகிறது. இது பாதிக் கேடுதான். மறுபாதி, சுழல் எதிர்ப்பு (ஆடத் தொடங்கிய கேரவன் நிற்க மறுக்கும் அளவு) தூரத்தின் இருமடிப்படி கூடுவது: அதே 60 கிலோவைச் சக்கரத்திலிருந்து ஒரு மீட்டரில் வைத்ததைவிட, 3.5 மீட்டரில் வைத்தால் அது கூட்டும் சுழல் எதிர்ப்பு 12 மடங்கு. ஒருமுறை ஆடத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். கனமான சாமான் எல்லாம் சக்கரங்களுக்கு மேலே, தரையோடு ஒட்டி. முன்பெட்டியிலும் பின்பம்பரிலும் லேசானவை மட்டும். தண்ணீர் டேங்க் எங்கே இருக்கிறது என்று கேரவனுக்கு அடியில் படுத்துப் பாருங்கள். 80 லிட்டர் டேங்க் சக்கரத்துக்கு ஒரு மீட்டர் முன்னால் இருந்தால் அது டோபாலில் 18 கிலோ கூட்டும், காலியானால் அந்த 18 போய்விடும். பின்னால் இருந்தால் இதற்கு நேர்மாறு. டேங்கைப் பாதி நிரப்பி ஓட்டாதீர்கள், நிறையவோ காலியாகவோ இருக்கட்டும்.

கேரவனின் 420 கிலோ கொள்ளளவும் நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரம் தீரும். இரண்டு 80 லிட்டர் டேங்க் 160, கேஸ் 18, விரிப்பு அறை 30, மேசை நாற்காலி 40, துணி படுக்கை உணவு 110, குழாய், ஜாக், கருவிகள் 45. இதுவே 403. விற்பவர் கொடுக்கும் வெறும் எடைக்குப் பிறகு மாட்டிய சோலார் தகடு, இரண்டாவது பேட்டரி, ஏ.சி. எல்லாம் இதிலிருந்துதான் கழியும்.

பிரேக்குக்கு வருவோம். ஜி.டி.எம். 750 கிலோ வரை ட்ரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயமில்லை. 2,000 வரை ஓர் ஆக்சிலிலாவது பிரேக் வேண்டும். 2,000-ஐத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக், அது ஓட்டுநர் இருக்கையிலிருந்து இயங்க வேண்டும், கேரவன் கழன்றுபோனால் தானாகப் பிடித்து குறைந்தது 15 நிமிடம் நிற்கும் பிரேக்அவே கருவியும் வேண்டும். உங்கள் கேரவனின் ஜி.டி.எம். 2,250 என்பதால் இந்த மூன்றாவது வகை. ஆகவே வண்டியில் மின்சார பிரேக் கன்ட்ரோலர் இருந்தாக வேண்டும். வேகக் குறைவை உணர்ந்து அதற்கேற்ப மின்சாரம் அனுப்பும் வகையாக வாங்குங்கள். அதன் குமிழ் எங்கே இருக்கிறது என்பது உயிர் காக்கும் விஷயம். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, கண்ணைச் சாலையை விட்டு எடுக்காமல் இடது கையால் தொட முடிய வேண்டும். முழங்காலுக்குக் கீழே மறைவாக மாட்டித் தருவதை ஏற்காதீர்கள்.

கேரவன் ஆடத் தொடங்கினால் அந்தக் குமிழைத்தான் அழுத்த வேண்டும். கேரவன் பிரேக் மட்டும் பிடித்தால் அது வண்டியைப் பின்னுக்கு இழுத்து நேராகும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருங்கள், எதிர்ப்பக்கம் ஒடிக்காதீர்கள், வண்டியின் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆட்டம் அடங்கியதும் ஓரம் நிறுத்தி, சாமான் எப்படி இருக்கிறது, டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்காமல் மறுபடி கிளம்பக்கூடாது. வண்டியில் உள்ள ட்ரெய்லர் ஸ்வே கன்ட்ரோலும் கேரவனில் பொருத்தும் இஎஸ்சி (தடுமாற்றத்தை உணர்ந்து தானாகப் பிரேக் பிடிக்கும் கருவி)-யும் நல்ல பாதுகாப்புகள். ஆனால் அவை ஆட்டம் தொடங்கிய பிறகு வேலை செய்பவை, சாமானைத் தவறாக அடுக்கியதைச் சரிசெய்யாது.

எடை விகிதத்தில் என் கருத்தைத் தயங்காமல் சொல்கிறேன். பிரிட்டனில் புதிதாகக் கேரவன் இழுப்பவருக்கு, கேரவன் எடை வண்டியின் கர்ப் எடையில் 85 சதவீதத்தைத் தாண்டவேண்டாம் என்று அறிவுரை சொல்வார்கள். இந்த நாட்டில் வண்டியைவிட ஆயிரம் கிலோ கனமான கேரவனை இழுத்துக்கொண்டு போவது சாதாரணமாகிவிட்டது; சட்டம் தடுக்கவில்லை என்பதற்காக அது பாதுகாப்பு ஆகிவிடாது. சாமான் ஏற்றிய கேரவன், சாமான் ஏற்றிய வண்டியைவிடக் கனமாக இருக்கக்கூடாது என்பதைக் குறைந்தபட்ச எல்லையாக வையுங்கள். உங்கள் 2,500, வண்டியின் 2,850-க்கு 88 சதவீதம். இது ஏற்கத்தக்கது, ஆனால் இதற்கு மேல் போகாதீர்கள்.

கையிலிருக்கும் ரேவ்4 இந்தக் கேரவனுக்கு ஆகாது. 2019-இல் வந்த அந்தத் தலைமுறையில் நான்கு சக்கர இயக்க ஹைப்ரிட்டுக்கு 1,500 கிலோ. முன்சக்கர இயக்க ஹைப்ரிட்டுக்கு வெறும் 480. பெயரும் உருவமும் ஒன்றுதான், இழுதிறன் மூன்றில் ஒரு பங்கு. பழைய வண்டி தேடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மின்சார வண்டியைப் பற்றி யோசித்தால்: இழுக்கும் பலத்துக்குக் குறைவில்லை, கியா இவி9 நான்கு சக்கர இயக்கத்தில் 2,500 கிலோ, டெஸ்லா மாடல் ஒய் 1,600 கிலோ. ஆனால் உயரமான கேரவன் பின்னால் வந்தால் ஓடும் தூரம் ஏறக்குறைய பாதியாகும், பல சார்ஜிங் இடங்களில் கேரவனைக் கழற்றாமல் வண்டியை நிறுத்த முடியாது. அருகில் உள்ள இடங்களுக்குச் சரி, உள்நாட்டு நெடும்பயணத்துக்கு இப்போதைக்குச் சிரமம்.

இன்ஜினில் குதிரைசக்தியைவிடக் குறைந்த சுழற்சியில் கிடைக்கும் டார்க்கை (திருப்புவிசையை) பாருங்கள், அதைவிடக் கியர்பாக்ஸ் சூட்டைப் பாருங்கள். மேட்டில் டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் பலத்தை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) பூட்டிக்கொள்ளாமல் வழுக்கிக்கொண்டே இருந்தால் ஆயில் கொதித்துக் கெடும். கியர்பாக்ஸ் சூட்டைத் திரையில் காட்டும் வண்டி, தனி ஆயில் கூலர் உள்ள வண்டி என்றால் நல்லது. இறக்கத்தில்தான் உண்மையான சோதனை: அடிலெய்டுக்குள் இறங்கும் சவுத் ஈஸ்டர்ன் ஃப்ரீவேயிலோ, ஊலங்காங் அருகே மவுன்ட் ஊஸ்லியிலோ வண்டியும் கேரவனுமாக ஐந்து டன்னுக்கு மேல் கீழ்நோக்கித் தள்ளும்போது, உச்சியிலேயே கியரைக் குறைத்து இன்ஜினைப் பிடிக்கவிட வேண்டும். பிரேக்கைத் தொடர்ந்து தேய்த்துக்கொண்டு இறங்கினால் பாதி வழியிலேயே மிதி மெத்தென்று ஆகிவிடும். மேனுவல் மோடில் கியரை நிறுத்திவைக்க முடிகிறதா என்று டெஸ்ட் டிரைவிலேயே பாருங்கள்.

பயன்படுத்திய வண்டி எடுத்தால், முன்பு எதை இழுத்தது என்று கேட்பதோடு நிற்காமல் வண்டியிடமே கேளுங்கள். டோபார் குழாயின் பின் துளை வட்டமாக இருக்கிறதா, நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா? சேசிஸில் டோபார் போல்ட் இருக்கும் இடத்தில் பெயிண்ட் வெடிப்பு, துருக்கோடு இருக்கிறதா? கியர்பாக்ஸ் ஆயில் கறுத்துக் கருகிய வாசனை அடிக்கிறதா? மட்டமான தரையில் நிறுத்திப் பின்பக்கம் தாழ்கிறதா? ஏர்பேக் வைத்த யூட் என்றால், கதவுக்கும் ட்ரேக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக இருக்கிறதா? மேலே அகன்றும் கீழே குறுகியும் இருந்தால் சேசிஸ் வளைந்திருக்கிறது, அங்கிருந்து வந்துவிடுங்கள். சர்வீஸ் புத்தகத்தில் கடும் பயன்பாட்டுக்கான இடைவெளியில் ஆயில் மாற்றியிருந்தால் அது கூடுதல் மதிப்பு.

ஜி.வி.எம். அப்கிரேட் செய்துகொள்ளலாம் என்று கடைக்காரர் சொல்வார். ஸ்பிரிங், ஷாக் மாற்றி, பொறியாளர் சான்றோடு செய்தால் அது சட்டப்படி சரி. ஆனால் ஜி.வி.எம். உயர்ந்தால் ஜி.சி.எம். தானாக உயராது, டோபால் வரம்பும் உயராது. சான்றிதழில் ஒவ்வோர் ஆக்சிலுக்கும் என்ன எண் என்று படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். விபத்து நடந்து வண்டி எடை மிகுந்திருந்தது என்று தெரிந்தால் காப்பீட்டுத் தொகைக்கே சிக்கல் வரும்.

ஆக, உங்கள் வீட்டுக்கு என் பரிந்துரை இரண்டில் ஒன்று. இந்தக் கேரவன்தான் என்றால், லேடர் சேசிஸ் டீசல் வேகன், வீல்பேஸ் 2.85 மீட்டருக்குக் குறையாமல், பேலோடு 700-க்கு மேல் உள்ள அடிப்படை வகை, புல்பார் இல்லாமல். இரண்டாவது வழி என் மனதுக்கு இன்னும் பிடித்தது: ஏ.டி.எம். 1,900 அளவில் சின்னக் கேரவன் ஒன்றும், பிள்ளைகளுக்கு வெளியே ஒரு கூடாரமும். டோபாலில் 190 கிலோதான், பின் ஆக்சிலில் 270 மட்டுமே கூடும், நிறுத்தும் தூரம் குறையும், விலையும் குறையும். இதற்கு 2,000 கிலோ இழுக்கும் ஏழு இருக்கை வண்டி போதும், அதன் டோபால் வரம்பு 200 என்று உறுதியானால்.

வாங்கிய பிறகு முதல் பயணத்துக்கு முன் வேபிரிட்ஜுக்கு (வண்டி எடை மேடைக்கு) போங்கள். எல்லோரும் வண்டிக்குள், டேங்க் நிறைய டீசல், கேரவனில் முழுச் சாமானும் தண்ணீரும். முதலில் கேரவன் மாட்டிய நிலையில், வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் கம்பிகளைத் தளர்த்தி, வண்டியின் முன் சக்கரங்கள் மட்டும் மேடையில். பிறகு வண்டியின் நான்கு சக்கரங்களும். பிறகு வண்டி, கேரவன் எல்லாம். கடைசியாகக் கேரவனைக் கழற்றி வைத்துவிட்டு வண்டி மட்டும். இரண்டாவது எடையிலிருந்து முதலாவதைக் கழித்தால் பின் ஆக்சில். இரண்டாவதிலிருந்து நான்காவதைக் கழித்தால் டோபால் எடை. மூன்றாவதிலிருந்து நான்காவதைக் கழித்தால் கேரவனின் முழு எடை, அதை ஏ.டி.எம்.-ஓடு ஒப்பிடுங்கள். கம்பிகளை இறுக்கி முதல் இரண்டையும் மறுபடி எடுத்தால் ஹிட்ச் எவ்வளவு திருப்பித் தருகிறது என்பதும் தெரியும்.

அங்கிருந்து திரும்பும்போது காலி இடம் ஒன்றில் பிரேக் கன்ட்ரோலரை அமைத்துவிடுங்கள். 30, 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டியின் பிரேக்கைத் தொடாமல் குமிழை முழுதாக அழுத்துங்கள். கேரவன் சக்கரங்கள் பூட்டி இழுபட்டால் அளவைக் குறையுங்கள், மந்தமாக இருந்தால் கூட்டுங்கள். பூட்டுவதற்குச் சற்று முன் நிற்கும் அளவு சரியானது. சாமான் கூடினாலும் குறைந்தாலும் இதை மறுபடி பார்க்க வேண்டும். டயர் காற்றைக் காலையில் குளிர்ந்த நிலையில் பார்த்து, ஒரு மணி நேரம் ஓட்டியபின் மறுபடி பாருங்கள். கார் டயரில் 4 பிஎஸ்ஐ, எல்டி (லைட் ட்ரக்) டயரில் 6-க்கு மேல் ஏறியிருந்தால் காலையில் வைத்த காற்று போதாது. செயின்கள் இரண்டும் கப்ளிங்குக்கு அடியில் குறுக்காக, எடை முத்திரை உள்ள ஷேக்கிளோடு (செயினைப் பூட்டும் வளையம்). நியூ சவுத் வேல்ஸுக்குள் போனால், ஜி.சி.எம். 4.5 டன்னைத் தாண்டும் வண்டி ட்ரெய்லரை இழுக்கும்போது 100-க்கு மேல் ஓட்டக்கூடாது. 7.5 மீட்டருக்கு மேல் நீளமான உங்கள் வண்டித்தொடர், ஊருக்கு வெளியே இன்னொரு நீள வண்டியின் பின்னால் போகும்போது 60 மீட்டர் இடைவெளி விட வேண்டும். கேரவன் ஓடும்போது அதற்குள் பாட்டி படுத்துக்கொள்ளலாம் என்ற யோசனை வீட்டில் எழுந்தால் அன்றே நிறுத்திவிடுங்கள். அது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து.